வாலால் முகத்தை மூடிக்கொள்ளும் சுறா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேப் டவுனில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் 40 விநாடி வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தான். கடலோரப் பாறையில் நின்று தூண்டில் போடுகிற ஒருவருடைய உள்ளங்கையில், முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு சுறா வளையமாகச் சுருண்டு, வாலைக் கொண்டுவந்து கண்மேல் போட்டுக்கொண்டு கிடக்கிறது. எங்கள் வீட்டில் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குப் பங்காளிகள் கூடியிருந்த அன்று, வளவு முற்றத்தில் உட்கார்ந்து நான்கைந்து பேருக்கு அதைக் காட்டினேன். பொழுது சாய்வதற்குள் கோட்டையூர், கண்டனூர், தேவகோட்டை என்று எல்லார் கைப்பேசிக்கும் போய்விட்டது. முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் என்பதால் சந்தேகங்கள் மட்டும் சுற்றிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தன. கல்யாண வீட்டில், மீன் மார்க்கெட்டில், பஸ்ஸில் என்று ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன்.

இது சுறாக் குட்டிதானே? வளர்ந்தால் பெரிதாகிவிடும்தானே?

இல்லை. வீடியோவில் இருப்பது கிட்டத்தட்ட வளர்ந்து முடிந்த சுறா. இந்த வகை 60 சென்டிமீட்டரைத் தொட்டாலே பெரிய மீன். சுறா என்றதும் படகைக் கவிழ்க்கிற ராட்சதனைத்தான் நினைக்கிறோம். உலகில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பகுதி ஒரு ஆள் உயரத்துக்கே வராதவை. ஒரு சாண் அளவோடு நின்றுவிடுகிற சுறாகூட உண்டு.

இதற்குத் தமிழில் என்ன பெயர்?

நம் கடலில் இல்லாத மீனுக்கு நம் மீனவர்கள் பெயர் வைத்திருக்க முடியாது. ஆங்கிலத்தில் ஷை ஷார்க் என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ஸ்காமூக், அதாவது கூச்சக் கண். நான் கூச்சச் சுறா என்று எழுதுகிறேன். தொட்டாற்சிணுங்கிச் சுறா என்று என் பேத்தி வைத்த பெயர் இதைவிடப் பொருத்தம்தான், ஒவ்வொரு முறையும் எழுதக் கை வலிக்கிறது என்பதால் விட்டுவிட்டேன்.

கேப் கரையில் இதற்கு டோனட் என்றும் ஒரு செல்லப்பெயர் இருக்கிறது. நம் ஊரில் உளுந்துவடை என்று வைத்திருப்பார்கள். எனக்கென்னவோ அதைப் பார்த்ததும் பிரிமணைதான் நினைவுக்கு வந்தது. அடி உருண்ட பானை சாயாமல் இருக்கக் கீழே போடுகிற வைக்கோல் வளையம். இரண்டாம் கட்டில் இன்னும் ஒன்று கிடக்கிறது, இளையவர்களுக்கு அதைக் காட்டித்தான் புரியவைக்க வேண்டியிருந்தது.

தொண்டிக் கடலில் கிடைக்குமா?

கிடைக்காது. கூச்சச் சுறாக்களில் நான்கு இனங்கள் உண்டு, நான்கும் ஆப்பிரிக்காவின் தென்கோடிக் கரையை ஒட்டியே வாழ்கின்றன. வீடியோவில் இருப்பதன் பெயர் பஃப் ஆடர் கூச்சச் சுறா. மேற்கே லாங்கபான் கடற்கழியிலிருந்து கிழக்கே அல்கோவா விரிகுடா வரைதான் அதன் எல்லை. தென்னாப்பிரிக்காவைத் தாண்டி எங்கும் கிடையாது. கரையோர ஆழமற்ற நீரிலிருந்து 130 மீட்டர் ஆழம் வரை, மணல் தரையிலும் பாறை இடுக்கிலும், கெல்ப் என்கிற நெடிய கடற்பாசிக் காட்டுக்கு அடியிலும் இருக்கும். பகலெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்துவிட்டு இரவில்தான் இரை தேடும்.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய குணமுள்ளது என்றால் மூங்கில் சுறாக்களைச் சொல்லலாம். இந்தியக் கரையில் சில இனங்கள் இருக்கின்றன. அவையும் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும், பகலில் இடுக்கில் பதுங்கிக்கொள்ளும். ஆனால் சுருண்டு முகத்தை மூடுகிற வித்தை அவற்றுக்கு இல்லை.

எதற்காகச் சுருண்டுகொள்கிறது?

விழுங்க வருகிறவனுக்குத் தொண்டையில் சிக்குவதற்காக. ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இதுதான், கொஞ்சம் யோசித்தால் நமக்கே விளங்கும். பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதெல்லாம் நீளவாக்கில்தான். நேராகக் கிடக்கிற 50 சென்டிமீட்டர் மீன் ஒரு குச்சி. தலைப்பக்கமாகப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். அதே மீன் வளையமாகிவிட்டால் தலை எது, வால் எது என்று பிடி கிடைக்காது, அகலமும் கூடிவிடும். முறுக்கை உடைக்காமல் முழுசாக வாயில் போட்டுப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்று தோல். சுறாத் தோல் முழுக்கப் பல் போன்ற நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் வழவழப்பு. வாலிலிருந்து தலை நோக்கித் தடவினால் உப்புத்தாள் மாதிரி கையைத் தேய்க்கும். வளையத்தில் இந்த இரண்டு திசைகளும் இருக்கும், ஆகவே எந்தப் பக்கமிருந்து விழுங்கினாலும் ஒரு பாதி எதிர்மயிராகத்தான் உரசும். இந்தக் கடைசிக் கணக்கு என் சொந்தச் சரக்கு. ஆனால் சுறாவை அரிவாள்மனையில் வைத்து அரிந்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

வீடியோவில் கவனித்தால் வால் அசட்டையாக விழுவதில்லை என்பது தெரியும். முதலில் தலை ஒரு பக்கம் திரும்புகிறது. உடல் அதன் பின்னாலேயே வளைகிறது. கடைசியில் வால்துடுப்பு வந்து, சரியாகக் கண் இருக்கும் இடத்தில், முக்காட்டை இழுத்துவிட்ட மாதிரி படிகிறது.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாமே, அந்தக் கதைதானே இது?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. எனக்குக் கோபம் வந்த கேள்வியும் இதுதான். பழமொழி பூனைக்கே அநியாயம், சுறாவுக்கு இன்னும் அநியாயம். ஆபத்தைப் பார்க்க மனமில்லாமல் அது கண்ணை மூடுவதில்லை. வளையம் முழுமையாக வேண்டுமென்றால் வால் போய்ச் சேர வேண்டிய இடம் தலைதான், கண்கள் தலையில் இருக்கின்றன. கூடவே, கடிபட்டால் ஆறாத மென்மையான உறுப்பு வாலுக்குக் கீழே போய்விடுகிறது. வாலில் ஒரு துண்டு போனாலும் பிழைத்துக்கொள்ளலாம். கண் போனால் இரவில் வேட்டை இல்லை.

மேலும், கண்ணை மறைத்துவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கக் கூடாது. சுறாக்களின் மூக்குப் பகுதியில் நுண்துளைகள் இருக்கின்றன. அருகில் இருக்கும் உயிரின் தசை அசைவில் பிறக்கிற மின்னோட்டத்தை அவை உணரும். உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு நீரின் அசைவைச் சொல்லும். மோப்பம் வேறு. முகத்தை மூடிக்கொண்டு கிடக்கிற கூச்சச் சுறாவுக்கு, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு நீரில் மிதக்கிற நம்மைவிட அதிகம் தெரியும்.

அப்படியானால் அது வெட்கப்படவில்லையா?

இல்லை. பெயர் நாம் வைத்தது. பெண் பார்க்க வந்தபோது ஆச்சி தூணுக்குப் பின்னால் நின்றதும் இதுவும் ஒன்றாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. மரவட்டை சுருள்கிறது, அலுங்கு என்கிற எறும்புதின்னி வாலை மேலே போட்டு உருண்டுகொள்கிறது. அவற்றை யாரும் வெட்கப்படுகின்றன என்று சொல்வதில்லை. முகத்தை மூடினால் மட்டும் நமக்கு மனம் இளகிவிடுகிறது.

இவ்வளவு வளைந்தால் முதுகெலும்பு ஒடியாதா? மூச்சு முட்டாதா?

ஒடிவதற்கு அதனிடம் எலும்பே இல்லை. சுறாக்களின் உடற்கூடு முழுவதும் குருத்தெலும்பு. நம் காது மடலை மடித்து விட்டுப் பாருங்கள், அந்த வகை. கூச்சச் சுறாவின் உடல் மெலிந்து நீண்டது என்பதால் வளைவது இன்னும் எளிது.

மூச்சும் முட்டாது. நீந்திக்கொண்டே இருந்தால்தான் சுறாவால் மூச்சுவிட முடியும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது சில பெரிய சுறாக்களுக்குப் பொருந்தும். தரையில் படுத்துக்கிடக்கும் இனங்கள் வாயை அசைத்து நீரை உள்ளிழுத்துச் செவுள் வழியாக வெளியே தள்ளும். கூச்சச் சுறாவின் ஐந்து ஜோடிச் செவுள் பிளவுகளும் உடலின் மேல்பாதியில் இருக்கின்றன. வயிறு மணலில் அழுந்தினாலும் அடைபடாது.

பஃப் ஆடர் என்றால் ஊதிக்கொள்ளும் மீன் என்றுதானே பொருள்? பேத்தை மாதிரி வயிறு பெருக்குமா?

பஃப் ஆடர் என்பது ஒரு பாம்பு. ஆப்பிரிக்காவின் பருத்த விரியன், நம் கண்ணாடிவிரியனுக்குப் பங்காளி முறை. சீறும்போது உடலை உப்பிக்கொள்வது அந்தப் பாம்பு. இந்தச் சுறாவின் முதுகில், கருங்கரை போட்ட செம்பழுப்புப் பட்டைகள் குதிரைச் சேணம் வைத்த மாதிரி வரிசையாக இருக்கின்றன, இடையிடையே வெள்ளைப் புள்ளிகள். அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் பாம்பின் பெயரை வைத்தார்கள். ஊதுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஊதிக்கொள்ளும் சுறாவும் உண்டு, அது வேறு இனம். கலிபோர்னியா பக்கம் இருக்கிறது, ஒரு மீட்டர் வரை வளரும். ஆபத்து வந்தால் உடலை வளைத்துத் தன் வாலைத் தானே வாயால் கவ்விக்கொண்டு, தண்ணீரை விழுங்கி வயிற்றைப் பெருக்கிவிடும். பாறை இடுக்குக்குள் இருந்தால் அப்படியே ஆப்பு வைத்த மாதிரி இறுகிக்கொள்ளும், வெளியே இழுக்க முடியாது. தேவகோட்டையிலிருந்து எனக்கு வந்த இரண்டாவது வீடியோ இந்தச் சுறாவுடையது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடிக்குமா?

மனிதருக்கு எந்த ஆபத்தும் இல்லை.

இந்த இனத்துக்கு ஒரு தமிழர் பெயர் இருக்கிறது என்று சொன்னீர்களே அண்ணே, உண்மையா?

பஃப் ஆடர் கூச்சச் சுறாவின் பெயரில் இருப்பவர் ஓர் ஆங்கிலேயர். ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற இயற்கையியலாளர், 1760இல் இதன் முதல் படத்தை வெளியிட்டவர். அதனால்தான் அறிவியல் பெயர் ஹாப்லோபிளெஃபாரஸ் எட்வர்ட்சியி.

நான் சொன்னது அதன் உறவுக்கார இனம். தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம், டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் கரையில் இருந்த ஒரு கூச்சச் சுறாவை, எட்வர்ட்ஸ் பெயர்கொண்ட இதே இனத்தின் வேறொரு வடிவம் என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். தனி இனம் என்று 2006இல் விவரித்தபோது வைத்த பெயர் ஹாப்லோபிளெஃபாரஸ் கிஸ்ட்னசாமியி. கிஸ்ட்னசாமி என்ற குடும்பப் பெயர் கொண்டவரைச் சிறப்பிக்கும் பெயர் அது. எழுத்தைக் கொஞ்சம் தட்டி நிமிர்த்தினால் நம் கிருஷ்ணசாமி. மதராசிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பரில் டர்பனில் போய் இறங்கியது. அப்படிப் போனவர்களின் பெயர்கள் அந்த ஊர்ப் பதிவேடுகளில் என்னென்னவோ எழுத்துக்கூட்டலில் பதிந்துபோயின. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன கதையையே பேசிக்கொண்டிருக்கிற நம் வளவுகளில், இந்தக் கப்பலைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இதைச் சுறாப்புட்டு செய்யலாமா?

கேட்டவர் என் அத்தை, கேட்டது விளையாட்டுக்கு அல்ல. செய்யலாமா என்றால், சுறா சுறாதான். செய்வார்களா என்றால் இல்லை. அந்த ஊரில் இதற்குச் சந்தை மதிப்பே கிடையாது. நாம் புட்டுக்கு வாங்குகிற பால் சுறா வேறு இனம்.

ஆனால் அத்தை சொன்ன ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலில் இருக்கும் மணலைச் சுரண்டி எடுத்து, பிழிந்து உதிர்த்த பிறகுதான் வெங்காயமும் பூண்டும் வதக்கிய சட்டியில் போட வேண்டும், இல்லையென்றால் வீச்சம் போகாது என்றார். அவர் மணல் என்றது மேலே நான் சொன்ன பல் போன்ற செதில்களை. வீச்சத்துக்கும் காரணம் இருக்கிறது. கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுக்கச் சுறாக்கள் யூரியாவை உடலிலேயே தேக்கி வைத்துக்கொள்கின்றன. மீன் செத்த பிறகு அது அம்மோனியாவாக மாறும். வேகவைத்துப் பிழிந்து ஊற்றும் தண்ணீரோடு அதில் பெரும்பங்கு போய்விடுகிறது. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய பாடத்தை அத்தை அடுப்படியிலேயே முடித்துவிட்டார்.

குட்டி போடுமா, முட்டையிடுமா?

முட்டை. ஒரு தடவைக்கு இரண்டு. ஓடு கிடையாது, தோல் மாதிரியான ஒரு பைக்குள் இருக்கும். அந்தப் பை 3.5 முதல் 5 சென்டிமீட்டர் நீளம், பழுப்பு நிறம், குறுக்கே வெளிர் பட்டைகள். ஆச்சிமார் இடுப்பில் செருகுகிற சுருக்குப்பையைச் சிறிதாக்கினால் எப்படியோ அப்படி. கடல்விசிறி போல நிமிர்ந்து நிற்கும் எதிலாவது தாய் அதை ஒட்டிவிட்டுப் போய்விடும். பொரிய மூன்று மாதம் ஆகும், வெளியே வருவது ஒரு விரல் நீளக் குஞ்சு. அதுவரை காவல் கிடையாது. கடல் நத்தைகள் பையில் துளைபோட்டு மஞ்சள்கருவை உறிஞ்சிவிடுவதும் உண்டு. சுருண்டுகொள்ளும் வித்தை முட்டைக்கு உதவாது.

அதற்குச் சாப்பாடு என்ன?

நண்டு, இறால், கடற்புழு, சின்ன மீன். ஆக்டோபஸ் கையைக் கவ்விக்கொண்டு, உடலைத் திருகித் திருகி அதைப் பிய்த்தெடுத்ததையும் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பரம சாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது.

சரி, சுருண்டுகொண்டால் தப்பித்துவிடுமா?

யாரிடமிருந்து என்பதைப் பொறுத்தது. விழுங்க வருகிற மீனிடம் ஓரளவுக்குப் பலிக்கும். ஆனால் ஏழு செவுள் சுறா என்று ஒன்று, இதைப்போலப் பல மடங்கு பெரியது, கூச்சச் சுறாவைப் பிடித்துத் தின்கிறது. கேப் கடல்நாய்களின் கதை வேறு. கேப் டவுனை ஒட்டிய ஃபால்ஸ் விரிகுடாவில் அவை கூச்சச் சுறாவைப் பிடித்து மேலே தூக்கிப்போட்டு விளையாடுகின்றன. கடித்து இழுக்கும், துண்டு துண்டாகக் கொஞ்சம் தின்னும், முழுதாகத் தின்பது அரிது. சில சமயம் கடற்காகம் ஒன்று வந்து பறித்துக்கொண்டு போய்விடும். பசியோடு வருகிறவனைத் தொண்டையில் சிக்கித் தடுக்கலாம். விளையாட வருகிறவனுக்கு வளையம் பந்தாகிவிடுகிறது.

கையும் வலையும் விழுங்குவதில்லை. சுருண்டு கிடக்கிற சுறாவை எடுப்பது தரையில் கிடக்கிற வடையை எடுப்பதைப்போல எளிது, நெளிந்து ஓடுகிற மீனைப் பிடிப்பதுதான் கஷ்டம். இழுவை மடியில் சிக்கிய பிறகு சுருண்டும் பயனில்லை. கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு இது வேண்டாத மீன். இரையைத் தின்றுவிட்டுத் தொல்லை கொடுக்கிறது என்று அடித்துப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு.

அழிந்துகொண்டிருக்கிறதா?

பஃப் ஆடர் கூச்சச் சுறா, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் வெளியிடும் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக இருக்கிறது. காரணங்களில் பாதியை மேலே சொல்லிவிட்டேன். மீதி, அது வாழும் எல்லை. ஒரே நாட்டின் ஒரே கரைப்பகுதியில், மீன்பிடி மும்முரமாக நடக்கும் இடத்திலேயே அதன் வாழ்வு முழுவதும் அடங்கிவிடுகிறது. மெதுவாக வளருகிற மீன் வேறு. பருவத்துக்கு வர ஏறத்தாழ ஏழு வருடம், ஒரு தடவைக்கு இரண்டே முட்டை. 20 வருடத்துக்கு மேல் உயிர் வாழக்கூடியது என்பது ஆறுதலாகத் தோன்றலாம், ஆனால் அத்தனை வருடம் வலைக்குத் தப்ப வேண்டுமே.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா?

காரைக்குடி வெயிலிலா? அது குளிர்ந்த கடலின் மீன். பார்க்க ஆசையென்றால் கேப் டவுனில் டூ ஓஷன்ஸ் அக்வேரியம் இருக்கிறது, டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம்.

ஐயா, அது மறுபடி எப்போது வாலை எடுத்தது?

இது பேத்தியின் கேள்வி. மற்றவர்களுக்கு வந்த வீடியோவில் யாரோ கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள், அதனால்தான் பலருக்கும் அது செத்துப்போயிற்றோ என்ற சந்தேகம். என்னிடம் முழுதாக இருக்கிறது. அந்த மனிதர் குறடு கொண்டு அதன் வாயிலிருந்த தூண்டில் முள்ளைக் கழற்றுகிறார். குனிந்து, பாறைக்கு நடுவே கடல்நீர் தேங்கிய குழியில் அதை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். வளையம் அப்படியே தரையில் போய் உட்காருகிறது. நானும் பேத்தியும் விரல்விட்டு எண்ணினோம். ஒன்பதில் வால் நுனி கொஞ்சம் அசைந்தது. பதினொன்றில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. பதினான்கில் குழி காலியாக இருந்தது.